அளவறிந்த கருணை

பிறருக்கு உதவுகிறவர்களின் சோர்வைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொள்ளும் மருமகள், அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்து அண்ணனுக்குத் துணையாகக் கிடக்கும் தம்பி, தெருவில் யார் வீட்டில் என்ன என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கும் அக்கா, இரவு டூட்டி முடிந்து வந்ததும் அடுப்படிக்குள் நுழையும் நர்ஸ். இவர்களுக்கெல்லாம் 'நல்ல மனசு' என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்த நல்ல மனசு ஒருநாள் வறண்டுபோகிறது. போன் மணி அடித்தாலே நெஞ்சு கனக்கிறது. நோயாளி இரண்டாவது முறை தண்ணீர் கேட்டால் எரிச்சல் வருகிறது. எரிச்சல் வந்துவிட்டதே என்ற குற்ற உணர்வு அதைவிட அதிகமாக வதைக்கிறது.

இந்தச் சோர்வுக்கு இரண்டு மருந்துகள் சொல்லப்படுகின்றன. பழைய மருந்து, 'இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ, புண்ணியம் சேரும்' என்பது. புதிய மருந்து, 'உன் எனர்ஜியை உறிஞ்சுகிறவர்களை விட்டு விலகிப் போ' என்பது. முதலாவது, உதவுகிறவரும் ரத்தமும் சதையும் உள்ளவர் என்பதை மறந்துவிடுகிறது. இரண்டாவது, துன்பப்பட்டு வாசலில் வந்து நிற்பவரைத் திருடராக்கிவிடுகிறது. இரண்டையும் ஏற்க மனம் ஒப்பவில்லை. கருணையும் வேண்டும், கருணை கொள்கிறவரும் நலமாக இருக்க வேண்டும். இதற்கு நம் பெரியோர்கள் என்ன வழி சொன்னார்கள் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் வள்ளுவர். ஒப்புரவறிதல் என்னும் 22-ஆவது அதிகாரத்தைப் படித்தால் அவர் அளவே சொல்லாத மனிதர் போலத் தோன்றும். பிறருக்கு உதவி செய்வதால் கெடுதி வரும் என்றால், அந்தக் கெடுதியைத் தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்கிறார். இதற்கு மேல் தியாகத்தை யாரும் உயர்த்த முடியாது. ஆனால் அதே வள்ளுவர் வலியறிதல் என்னும் 48-ஆவது அதிகாரத்தில் வேறு குரலில் பேசுகிறார். தன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று நிறுத்துப் பார்க்காமல் ஒப்புரவு செய்பவனுடைய வளம் சீக்கிரமே அழிந்துவிடும் என்கிறார். அளவு அறிந்து கொடுப்பதே பொருளைக் காத்துக் கொடுக்கும் நெறி என்றும் அங்கேதான் சொல்கிறார்.

இது முரண்பாடா? இரண்டு குறள்களும் நிற்கும் இடத்தைப் பார்த்தால் விளங்கும். முதலாவது அறத்துப்பாலில் இருக்கிறது. அது மனம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. மனத்தில் 'இவ்வளவுதான்' என்ற கஞ்சத்தனம் கூடாது. இரண்டாவது பொருட்பாலில், பகை மேல் செல்லும் அரசன் தன் வலிமையையும் எதிரியின் வலிமையையும் கணக்கிடச் சொல்லும் அதிகாரத்தில் இருக்கிறது. அது செயல் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. செயலில் கணக்கு வேண்டும். பிறருக்கு உதவுவதைப் போர்த் திட்டம் வகுக்கும் அதிகாரத்தில் வைத்திருக்கிறாரே, அந்த இடம் தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மனத்துக்கு எல்லை இல்லை, கைக்கு எல்லை உண்டு. சோர்ந்துபோகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தின் எல்லையின்மையைக் கையின் மீதும் ஏற்றிவிட்டவர்கள்தான்.

வள்ளுவர் சொன்ன இந்த இரண்டையும் ஒரே வாழ்க்கையில் வாழ்ந்து காட்டியவர் என்று வள்ளலாரைச் சொல்லலாம். 1823-ல் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள், தண்ணீர் இல்லாமல் காயும் பயிரைப் பார்த்தால்கூட உள்ளம் சோர்ந்துபோனவர். பசியோடு வீடு வீடாகப் போய் இரந்தும் பசி தீராமல் திரும்பியவர்களைக் கண்டு துடித்தவர். இவ்வளவு மெல்லிய மனம் உள்ள ஒருவர் அந்தத் துடிப்பிலேயே கரைந்து போயிருக்கலாம். அவர் கரைந்துபோகவில்லை. 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, வருகிறவர்களுக்குச் சோறு கிடைக்கிறது.

அந்த அடுப்பு ஏன் அணையவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஊரார் நிலம் தந்தார்கள், ஒருவர் அரிசி தந்தார், ஒருவர் விறகு பிளந்தார், ஒருவர் கிளறினார், ஒருவர் பரிமாறினார். தலைமுறை மாறியபோது கைகள் மாறின. வள்ளலாரே அங்கு நிரந்தரமாக அடுப்படியில் நிற்கவில்லை. சாலை தொடங்கிய மூன்றாம் ஆண்டில், 1870-ல், பக்கத்திலுள்ள மேட்டுக்குப்பத்துக்குப் போய், சித்திவளாகம் என்று அவர் பெயரிட்ட இடத்தில் தனிமையில் தங்கலானார். அவர் போனதால் சாலை மூடப்படவில்லை. 'நான் இல்லாவிட்டால் இது நடக்காது' என்ற நிலையில் அவர் அதை அமைக்கவே இல்லை. அருளாளர் ஒருவரே தன் தருமத்தை மற்றவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுத் தியானத்துக்கு நேரம் ஒதுக்கினார் என்றால், நாம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவதில் என்ன பாவம் இருக்கிறது?

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய நூலில் இல்லறத்தாருக்கு அவர் சொல்லும் ஒரு வழிமுறை மிக நுட்பமானது. தாய் தந்தை, மனைவி மக்களைப் பசியில் வாடவிட்டுவிட்டு அயலாருக்குச் சோறு போடக் கிளம்புவது கடவுள் அருளுக்குச் சம்மதமில்லை என்கிறார். உடனே மறுபக்கத்தையும் சொல்கிறார். அயலார் பசியில் வாடும்போது தன் குடும்பத்துக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்வதும் சம்மதமில்லை. குடும்பச் செலவைச் சிக்கனமாக நடத்தி இரண்டு பக்கத்துப் பசியையும் தீர்க்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. பசியைப் பற்றிச் சொன்ன இதை நம் நேரத்துக்கும் தெம்புக்கும் பொருத்திப் பார்க்கலாம். வெளியே பத்துப் பேருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் எரிந்து விழுகிறோம் என்றால், அந்த ஆறுதலுக்கு உரிய விலையை யாரோ ஒரு குழந்தை கொடுத்திருக்கிறது.

அன்பர்களுக்கு அவர் வகுத்த நித்திய கரும விதியும் கவனிக்கத்தக்கது. சூரிய உதயத்துக்கு முன் எழுவது, ஆகாரத்திலும் உறக்கத்திலும் மிதம், உரத்துப் பேசாமை, பரபரப்பாக நடக்காமை, வழக்கிடாமை, இடது பக்கமாகப் படுப்பது என்று மிகச் சாதாரணமான விஷயங்களைச் சொல்கிறார். எல்லா உயிரையும் தன்னுயிர்போல் நினைக்கச் சொன்னவர், உடம்பைப் பேணுவதற்கு இவ்வளவு நுணுக்கமாக விதி சொல்கிறார். உடம்பு கருணையின் கருவி. கருவி பழுதானால் கருணை வெறும் எண்ணமாக நின்றுவிடும்.

இங்கே ஒரு தயக்கம் எழும். 'என்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பதே சுயநலம் இல்லையா?' இந்தக் கேள்விக்குப் பௌத்த மரபில் ஓர் அழகான பதில் இருக்கிறது. 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் என்னும் பாலி நூலை எழுதிய புத்தகோசர், அன்பின் தியானத்தை விளக்கும் இடத்தில் ஒரு கதை சொல்கிறார். ஒரு துறவி மூன்று பேரோடு உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் அவருக்குப் பிரியமானவர், ஒருவர் நண்பரும் இல்லை பகைவரும் இல்லை, ஒருவர் பகைவர். அங்கே கொள்ளையர் வந்து, பலி கொடுக்க உங்களில் ஒருவர் வேண்டும் என்று கேட்கிறார்கள். 'இவரைக் கொண்டுபோகட்டும்' என்று அந்தத் துறவி மூவரில் ஒருவரை நினைத்தால், அவருடைய அன்பு இன்னும் முழுமை அடையவில்லை. இது நமக்குப் புரிகிறது. ஆனால் புத்தகோசர் அடுத்துச் சொல்வதுதான் நம்மை நிறுத்துகிறது. 'என்னைக் கொண்டுபோகட்டும், இவர்களை விட்டுவிடட்டும்' என்று நினைத்தாலும் அவருடைய அன்பு முழுமை அடையவில்லை.

ஏன்? ஓர் உயிருக்குத் தீங்கு வரட்டும் என்று அவர் நினைத்துவிட்டார். அந்த உயிர் தன்னுடையது என்பதால் தீங்கு தீங்கு இல்லாமல் போய்விடாது. நால்வரில் கொடுக்கத்தக்கவர் எவரும் இல்லை என்று மனம் சமமாக நிற்கும்போதுதான் அன்பின் வேலிகள் உடைகின்றன. எல்லா உயிரும் என்று நாம் சொல்லும்போது அந்த எண்ணிக்கையில் நாமும் உண்டு. தன்னை மட்டும் விலக்கி வைக்கும் கருணை, பார்க்கப் பெரிதாக இருந்தாலும் ஓர் உயிர் குறைவான கருணைதான். அன்பின் தியானத்தைத் தன்னிலிருந்து தொடங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நான் சுகத்தை விரும்புவதுபோலவே மற்ற உயிர்களும் விரும்புகின்றன என்பதற்கு முதல் சாட்சி நானேதான்.

சோர்வு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கருணையால் சோர்வு வருகிறது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அண்மைக் கால ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. மத்தியூ ரிக்கார்ட் பிரான்சில் உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்று, பிறகு பௌத்தத் துறவியாகி நேபாளத்து மடத்தில் வாழ்பவர். 2007-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வகத்தில், டானியா சிங்கர் என்ற மூளை ஆய்வாளரின் சோதனைக்காக அவர் ஸ்கேன் கருவிக்குள் படுத்தார். பிறருடைய வலியை உள்ளபடியே தனக்குள் உணர வேண்டும், வேறு எதுவும் செய்யக்கூடாது என்பது நிபந்தனை. ருமேனிய விடுதி ஒன்றில் கைவிடப்பட்ட குழந்தைகளின் படங்களை முந்தின நாள் பார்த்திருந்தார். அந்தக் குழந்தைகளின் வேதனையை நீண்ட நேரம் மனத்தில் நிறுத்தினார். பயிற்சி பெற்ற அந்தத் துறவியே உள்ளம் வற்றிக் களைத்துப் போனார்.

பிறகு கருணைத் தியானத்துக்கு மாறும் வாய்ப்பு வந்தது. மாறினார். மனத்தில் இருந்தவை அதே குழந்தைகள், அதே கோலம். ஆனால் இப்போது அவர்களை நோக்கி அன்பும், ஏதாவது செய்ய வேண்டும் என்ற துணிவும் பெருகின. களைப்பு விலகியது. பின்னர் சாதாரண மக்களை வைத்து ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. பிறர் வலியைத் தன் வலியாக ஏற்கப் பயின்றவர்களிடம் துயர உணர்வுகள் கூடின. கருணைப் பயிற்சிக்குப் பிறகு அவை தணிந்து, இதமான உணர்வுகள் வளர்ந்தன. மூளையில் இரண்டுக்கும் வேலை செய்யும் பகுதிகளும் வேறு.

புத்தகோசர் இதை அன்றே சொல்லியிருந்தார். கருணைக்கு வெளிப்படையான பகை கொடுமை. ஆனால் அதன் அருகிலேயே, அதைப் போலவே வேடமிட்டு நிற்கும் பகை ஒன்று உண்டு. அது துயரம். பக்கத்துவீட்டுக்காரர் அழும்போது கூடச் சேர்ந்து மூழ்குவதைக் கருணை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மூழ்கினால் இருவரும் கரையேற முடியாது. வள்ளலார் வாடினார், ஆனால் வாட்டத்தில் தங்கிவிடவில்லை. அதை ஓர் அடுப்பாக்கினார். வலியை உணர்வது வாசல். அங்கேயே உட்கார்ந்துவிடாமல் அன்போடு செயலுக்குள் நுழைய வேண்டும்.

இதன் மறுபுறத்தில் உள்ள பள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். சமநிலை என்ற பெயரில் மரத்துப்போவது சுலபம். 'அவரவர் கர்மா' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். 'எனக்கு அமைதி முக்கியம்' என்று சொல்லி உடன்பிறந்தவளின் அழைப்பை எடுக்காமல் இருக்கலாம். சமநிலைக்கும் அருகில் நிற்கும் பகை ஒன்று உண்டு, அறியாமையால் வரும் அலட்சியம் அது என்கிறது விசுத்திமக்கம். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். விலகி இருந்த பிறகு மனம் மறுபடி மனிதர்களிடம் மலர்ச்சியோடு திரும்புகிறதா? திரும்பினால் அது ஓய்வு. திரும்ப மனமே இல்லையென்றால் அது ஓட்டம்.

புத்தர் சொன்ன கழைக்கூத்தாடியின் கதை இங்கே துணைக்கு வருகிறது. மூங்கிலை நட்டுவிட்டு, ஆசான் தன் சிஷ்யனைத் தோளில் ஏற்றிக்கொள்கிறான். 'நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். நாம் பத்திரமாக வித்தை காட்டிக் காசு வாங்கி இறங்கலாம்' என்கிறான். சிஷ்யன் ஒப்பவில்லை. 'அப்படி வேண்டாம் ஐயா. நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன். அப்போதுதான் இருவரும் விழாமல் இறங்குவோம்' என்கிறான். சிஷ்யன் சொன்ன முறையே சரி என்கிறார் புத்தர். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. தன்னைக் காத்துக்கொள்பவன் பிறரைக் காக்கிறான். பொறுமையாலும் தீங்கிழையாமையாலும் அன்பாலும் பிறரைக் காப்பவன் தன்னையும் காத்துக்கொள்கிறான் என்று இரண்டையும் இணைத்துவிடுகிறார்.

அன்றாட வாழ்வில் இதை எப்படி வாழ்வது? பெரிய விரதங்கள் தேவையில்லை.

ஒரு துயரத்தைக் கேட்கும்போது நம் மூச்சையும் சேர்த்துக் கவனிப்பது முதல் பழக்கம். எதிரே இருப்பவர் பேசப் பேச நம் தோள்கள் இறுகுகின்றன, மூச்சு மேலேறுகிறது. அதைக் கண்டுகொண்டாலே பாதி தளர்ந்துவிடும். தீர்வு சொல்லியே ஆக வேண்டும் என்ற அவசரமும் அடங்கும். பல நேரம் மனிதர்களுக்குத் தேவைப்படுவது பதறாத ஒரு முகம்.

அளவை அன்போடு சொல்வது இரண்டாவது. 'இன்னைக்கு என்னால முடியாதும்மா, நாளைக்குக் காலையில வந்துடறேன்' என்று நேராகச் சொல்லலாம். முணுமுணுத்துக்கொண்டே செய்த உதவியைவிட இந்த வார்த்தை மதிப்பானது. முடியாததை ஒப்புக்கொண்டு முகம் சுளித்துச் செய்யும்போது, பெற்றுக்கொள்பவருக்கும் அது கசப்பாகவே போய்ச் சேர்கிறது.

பங்கு கேட்பது மூன்றாவது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள், 'தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இரு' என்று கேட்பதற்கு ஏன் கூச வேண்டும்? கேட்காமல் இருப்பதில் ஒரு சின்ன அகங்காரம் ஒளிந்திருக்கிறது. 'என்னைப்போல் யாரும் பார்க்க முடியாது' என்ற நினைப்பு அது. தம்பி மருந்தை ஐந்து நிமிடம் தாமதமாகக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று அவனிடம் விட்டுவிடும்போது, அவனுக்கும் சேவை செய்யும் பாக்கியம் கிடைக்கிறது.

ஓய்வை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது நான்காவது. நாடே அழைத்துக்கொண்டிருந்தபோதும் காந்தியடிகள் திங்கட்கிழமை மௌனத்தைக் கடைப்பிடித்தார். தேவையானதை எழுதிக் காட்டினார். மாற்கு நற்செய்தியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. உண்ணவும் நேரமில்லாமல் இருந்த சீடர்களைத் தனிமையான இடத்துக்கு ஓய்வெடுக்க அழைத்துப் போகிறார் இயேசு. அவர்கள் போவதற்குள் கூட்டம் அங்கே வந்துவிடுகிறது. அவர் மனம் இரங்குகிறார், போதிக்கிறார், ஐயாயிரம் பேருக்கு உணவளிக்கிறார். அதன் பிறகு சீடர்களைப் படகில் ஏற்றி அனுப்பி, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, தனியே மலைக்குப் போய் ஜெபிக்கிறார். ஓய்வு சில நேரம் தள்ளிப்போகும். தள்ளிப்போகலாம், கைவிட்டுவிடக் கூடாது என்பதே இதில் நான் எடுத்துக்கொள்வது.

கடைசியாக, படுக்கப் போகுமுன் ஓர் ஒப்படைப்பு. இன்று என்னால் முடிந்ததைச் செய்தேன், மீதி உன்னுடையது என்று அவரவர் நம்பும் தெய்வத்திடம் சொல்லிவிடுவது. தெய்வ நம்பிக்கை இல்லாதவர், உலகம் என்னை நம்பி மட்டும் சுழலவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளலாம். உதவியின் களைப்பில் பெரும்பகுதி உழைப்பால் வருவதில்லை. பலனும் தன் பொறுப்பு என்று நினைப்பதால் வருகிறது. நோயாளிக்கு மருந்து கொடுப்பது நம் வேலை; குணமாவது நம் கையில் இல்லை. நண்பருக்கு நல்லது சொல்வது நம் வேலை. அவர் கேட்பது அவர் விருப்பம்.

இவற்றையெல்லாம் கடைப்பிடித்தாலும் சோர்வே வராது என்று சொல்ல மாட்டேன். கவனித்துக்கொள்ளும் வாழ்க்கையில் சோர்வு வரும், அழுகையும் வரும். தூக்கமே இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதில் எந்த ஆன்மிகக் குறைவும் இல்லை.

பிறருக்காகவே ஓடிக்கொண்டிருக்கும் அன்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பசித்தவருக்குச் சோறு போடுங்கள், அழுகிறவர் பக்கத்தில் உட்காருங்கள், அந்த நல்ல மனத்தை ஒருபோதும் சுருக்கிக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்கள் தட்டிலும் சூடாகச் சோறு போட்டு, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். இன்று யாரிடமாவது ஒரு வேலையைப் பங்கு கேளுங்கள். நீங்கள் காக்க வேண்டிய உயிர்களின் வரிசையில் உங்கள் உயிரும் ஒன்று.